‘சும்மா பாக்குறேண்ணே’ என்பவர் எப்போது வாங்குகிறார்? நாணயக் கண்காட்சி மேசைக்குப் பின்னால் இரண்டு நாள்

“சும்மா பாக்குறேண்ணே.”

நாணயக் கண்காட்சியில் மேசைக்குப் பின்னால் உட்காருபவரின் காதில் அதிகம் விழும் வாக்கியம் இது. சொல்பவரின் தோளில் பை இருக்கும், கையில் போன் இருக்கும், கண் மட்டும் ஆல்பத்தில் இருக்கும். சிலர் சொல்லிவிட்டு நிஜமாகவே போய்விடுவார்கள். சிலர் அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, அதே பக்கத்தைத் திறந்து, “இது இன்னும் இருக்கா?” என்பார்கள். இந்த இரண்டு வகையையும் முன்கூட்டியே பிரித்துச் சொல்ல முடியுமா?

முடியும் என்கிறார் என் மாமா. மணிமங்கலத்துக்காரர். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் வேலை. பொழுதுபோக்காக ஆரம்பித்த பழைய நாணயம், ரூபாய்த் தாள் சேகரிப்பு, இப்போது பெண்ணின் காலேஜ் ஃபீஸில் ஒரு பகுதியைத் தாங்கும் அளவுக்கு வந்திருக்கிறது. தாம்பரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த இரண்டு நாள் கண்காட்சியில் அவர் மேசைக்கு உதவியாளாகப் போனேன். எனக்கு நாணயங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் காசைப் பார்க்காமல் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செருப்பு கழற்றும் இடம்

நாங்கள் போனபோது வாசலை ஒட்டிய முதல் மேசை காலியாக இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் நம்மைத் தாண்டித்தானே போக வேண்டும், இங்கேயே போட்டுவிடலாமே என்றேன்.

“வேணாம் மாப்ள. அது செருப்பு கழட்டுற இடம்.”

யாரும் செருப்பு கழற்றவில்லை. ஆனால் அவர் சொன்னது காலை பத்தரைக்குப் புரிந்தது. வெயிலில் இருந்து உள்ளே வருகிறவர்களுக்கு டியூப்லைட் வெளிச்சம் பழக வேண்டும். பேசிக்கொண்டிருந்த போனை வைக்க வேண்டும். கூட வந்தவர் எங்கே என்று திரும்பிப் பார்க்க வேண்டும். இதெல்லாம் முடிவதற்குள் இரண்டு மேசைகளைத் தாண்டியிருப்பார்கள். மாமா பிடித்தது நான்காவது மேசை.

கடைகளுக்குள் வாடிக்கையாளர்களைப் பின்தொடர்ந்து கவனிப்பதையே தொழிலாகச் செய்த அமெரிக்கர் பாகோ அண்டர்ஹில், 1999-ல் வெளியான ‘ஒய் வீ பை’ புத்தகத்தில் இந்த வாசல் பகுதிக்குத் தனிப் பெயரே கொடுத்திருக்கிறார். வெளியுலக வேகத்தை இறக்கிவைக்கும் இடம் என்று அர்த்தம் வரும். அங்கே வைக்கும் பொருளும் பலகையும் கண்ணில் படாது என்பது அவர் சொல்வது. உள்ளே வந்தவர்கள் பெரும்பாலும் வலது பக்கம் திரும்புவார்கள் என்றும் எழுதியிருக்கிறார். அது அமெரிக்கக் கடைகளுக்குச் சரியாக இருக்கலாம். எங்கள் மண்டபத்தில் ஜனங்கள் திரும்பியது ஃபேன் ஓடிய பக்கம்.

அண்டர்ஹில் சொன்ன இன்னொரு விஷயத்தை மாமா படிக்காமலேயே செய்தார். மேசையை ஓர் அடி பின்னால் இழுத்துப் போட்டார். எங்களுக்கு முழங்கால் இடித்தது. “பின்னாடி போறவங்க ரெண்டு தடவ இடிச்சா, முன்னாடி நிக்கிறவரு கெளம்பிடுவாரு” என்றார். குனிந்து லென்ஸில் ஒரு காசைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் முதுகில் யாரோ உரசினால், அவர் காசை வைத்துவிட்டு நகர்கிறார். எதற்காக நகர்ந்தார் என்று அவரையே கேட்டாலும் சொல்லத் தெரியாது. விலை ஜாஸ்தி என்றுதான் சொல்வார்.

நின்றால் போகிறார்கள், குனிந்தால் வருகிறார்கள்

முதல் ஒரு மணி நேரம் நான் நின்றபடி, வருகிற எல்லோரையும் பார்த்துச் சிரித்து, “வாங்க சார், என்ன தேடுறீங்க?” என்று கேட்டேன். சுத்தமாக வேலை செய்யவில்லை. கேள்வி கேட்டதும் ஆட்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் மாதிரி விறைத்தார்கள். பதில் ஒன்றுதான்: சும்மா பாக்குறேண்ணே.

மாமா என்னை உட்காரச் சொல்லி, கலந்து கிடந்த ஒரு குவியலைக் கொடுத்து வருஷ வாரியாகப் பிரிக்கச் சொன்னார். பத்து நிமிஷத்தில் என் தலைக்கு மேல் மூன்று பேர். ஒருவர் நான் பிரிப்பதையே பார்த்துவிட்டு, “தம்பி, அது 78 இல்ல, 76” என்று திருத்தினார். திருத்தியவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் வாங்கினார்.

மூன்று பேர் நின்றால் நான்காவது ஆள் தானாக வருவதற்கும் ஓர் ஆய்வு உண்டு. உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம், நியூயார்க் நடைபாதையில் தன் ஆட்களை நிறுத்தி ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடி ஜன்னலை அண்ணாந்து பார்க்கச் சொன்னார். ஒருவர் மட்டும் பார்த்தபோது, வழிப்போக்கர்களில் நூற்றுக்கு 4 பேர் நின்றார்கள். 15 பேர் பார்த்தபோது நூற்றுக்கு 40 பேர் நின்றார்கள். 1969-ல் வெளியான ஆய்வு இது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தார்ப்பாய் விரித்து விற்பவர்கள் இதை எந்த ஆய்வும் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரரையே வாடிக்கையாளர் மாதிரி வந்து நிற்கச் சொல்வதை நானே பார்த்திருக்கிறேன்.

சந்தைக்கும் மண்டபத்துக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சந்தைக்கு வருகிறவர் பேரம் பேசும் முடிவோடுதான் வீட்டிலிருந்து கிளம்புகிறார். மண்டபத்தில் மேசை விரிப்பு, கண்ணாடிப் பெட்டி, டியூப்லைட் எல்லாம் பார்த்ததும் அதே ஆள் தயங்குகிறார். விலை ஒட்டாத பொருளின் விலையைக் கேட்கவே கூச்சம், முக்கியமாக முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு. கேட்டுவிட்டு வாங்காமல் போனால் அசிங்கம் என்று நினைக்கிறார்கள் போல. இரண்டாம் நாள் காலையில் எல்லாக் கவரிலும் விலைச் சீட்டு ஒட்டினோம். அந்த வயதுக்காரர்கள் மேசையில் நிற்கும் நேரம் கண்ணுக்குத் தெரிந்தே கூடியது.

“என்ன வருஷம் பொறந்தீங்க?”

இரண்டு நாளில் அதிகம் விற்றது எது தெரியுமா? வெள்ளி இல்லை. போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்த 1943 முதல் அடித்த ஓட்டைக் காலணாவும் இல்லை. சாதாரண ஒரு ரூபாய், 50 பைசா, 25 பைசா. அதுவும் வாங்குபவரின் பிறந்த வருஷம் போட்டது.

மாமா கேட்கும் ஒரே கேள்வி அதுதான். இதற்கு யாரும் விறைப்பதில்லை. “97.” உடனே ஒரு 1997 நாணயத்தை எடுத்து, கவரைப் பிரித்து, உள்ளங்கையில் வைத்துவிடுவார். மேசை மேல் வைக்க மாட்டார். கையில்தான்.

ஒரு பொருளைத் தொட்டுப் பார்த்தவர்கள், தொடாதவர்களைவிட அதை அதிகம் தன்னுடையதாக உணர்கிறார்கள் என்று ஜோன் பெக், சுசான் ஷூ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009-ல் சோதனை செய்து எழுதினார்கள். கையில் இருக்கும் காசைத் திருப்பிக் கொடுப்பது, வாங்காமல் இருப்பது போலத் தோன்றாது. இருந்ததை இழப்பது போலத் தோன்றும். ஐ.டி. கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி வந்த ஒரு பெண் தன் வருஷம், கணவர் வருஷம், குழந்தை வருஷம் என்று மூன்று வாங்கினார். கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, “அம்மாது 1964 இருக்காண்ணா?” என்று கேட்டார். இருந்தது. நேரு மறைந்த வருஷம் அது. இந்தியாவில் முதன்முதலாக நினைவு நாணயம் வெளிவந்ததும் அவருக்காகத்தான், அதே 1964-ல். அம்மாவின் வருஷத்தில் நேருவின் முகம். அதற்கு அவர் பேரமே பேசவில்லை.

இந்தக் கேள்வியில் ஒரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. வருஷத்தைச் சொன்னவர் வயதைச் சொல்லிவிட்டார். வயது தெரிந்தால் அடுத்து எந்த ஆல்பத்தைத் திறப்பது என்று மாமாவுக்குத் தெரியும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு அலுமினிய 3 பைசாவும், தாமரை போட்ட மஞ்சள் 20 பைசாவும். இந்த 20 பைசாவில் தங்கம் கலந்திருக்கிறது என்று இன்னமும் நம்புகிறவர்கள் உண்டு. செம்பு கலந்த மஞ்சள் உலோகம், அவ்வளவுதான். மாமா அதை விற்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார். சொல்லியும் வாங்குகிறார்கள், பூஜைக்கு 108 வேண்டுமாம்.

தமிழ் படித்தவர்கள், ஆசிரியர்கள் என்றால் 1995 தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் நாணயம்.

ஒரு ரூபாய்க்கும் சும்மாவுக்கும் நடுவில்

வெளிநாட்டுச் சில்லறை ஒரு டப்பா நிறைய இருந்தது. ‘எதை எடுத்தாலும் 1 ரூபாய்’ என்று எழுதி வைத்தோம். மதியம் வரை சீந்துவாரில்லை. மாமா அட்டையைத் திருப்பி ‘குழந்தைகளுக்கு ஒன்று இலவசம்’ என்று எழுதினார். கொஞ்ச நேரத்தில் டப்பாவைச் சுற்றிக் கூட்டம். குழந்தைகளைவிட அப்பாக்கள்தான் அதிகம்.

ஒரு ரூபாய்க்கும் சும்மாவுக்கும் வித்தியாசம் ஒரு ரூபாய்தானே என்று கணக்கு சொல்லும். மனசு அப்படிச் சொல்வதில்லை. டான் ஏரியலியும் அவருடைய சகாக்களும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், உயர்ரக சாக்லேட்டை 15 சென்ட்டுக்கும் சாதாரண சாக்லேட்டை 1 சென்ட்டுக்கும் வைத்தார்கள். பெரும்பாலோர் உயர்ரகத்தை எடுத்தார்கள். பிறகு இரண்டிலும் ஒரு சென்ட் குறைத்து, 14 சென்ட், இலவசம் என்று வைத்தார்கள். இப்போது பெரும்பாலோர் சாதாரணத்துக்குத் தாவினார்கள். விலை வித்தியாசம் அதே 14 சென்ட்தான்.

இலவசக் காசை எடுத்த பையன் டப்பாவைக் கிளறும் நேரம் முழுக்க அப்பா எங்கள் மேசை முன்னால் நிற்க வேண்டியிருந்தது. மாமா ஒரு ஸ்டூலை நகர்த்துவார். இந்த ஸ்டூல்தான் எங்கள் மேசையின் சிறந்த சேல்ஸ்மேன் என்று சொல்லலாம். சேகரிப்பாளர் மட்டும் தனியாக வந்தால் அவரே நேரத்தை முடிவு செய்கிறார். மனைவியோ நண்பரோ கூட வந்தால், “போலாமா?” என்று அவர்கள் எப்போது கேட்கிறார்களோ, அப்போது வியாபாரம் முடிந்தது. கூட வந்தவருக்கு உட்கார இடம் கொடுத்தால் அந்தக் கேள்வி தள்ளிப்போகிறது.

நிறைய வைத்தால் குழம்புவார்களா என்றும் ஒரு சந்தேகம் வந்தது. 24 வகை ஜாம் வைத்தபோது வாங்கியவர்கள் நூற்றுக்கு 3 பேர், 6 வகை வைத்தபோது 30 பேர் என்ற 2000-ம் ஆண்டு ஆய்வை நீங்கள் எங்காவது படித்திருப்பீர்கள். மேனேஜ்மென்ட் வகுப்பில் தவறாமல் சொல்வார்கள். அதோடு சேர்த்துச் சொல்லாமல் விடுவது, 2010-ல் இதுபோன்ற 50 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரி விளைவு கிட்டத்தட்டப் பூஜ்யமாக வந்தது என்பதை. எங்கள் மேசையில் இரண்டுமே நடந்தன. எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் வந்தவர்கள் பெரிய ஆல்பத்தை நாலு பக்கம் புரட்டிவிட்டு மூடினார்கள். தட்டில் ஆறு காசு வைத்தால் ஒன்றை எடுத்தார்கள். சேகரிப்பாளர்கள் தட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து, அதே ஐந்து ரூபாயில் எந்த வருஷம், ஹைதராபாத் நட்சத்திரக் குறியா, நொய்டா புள்ளிக் குறியா என்று தேடினார்கள். அவர்களுக்கு ஆயிரம் காசு இருந்தாலும் போதாது.

போணி, பேரம், ‘பெறப்பட்டது’

முதல் ஆளிடம் மாமா வாயாட மாட்டார். 60 ரூபாய் காசை 40-க்குக் கேட்டார் ஒரு பெரியவர். கொடுத்துவிட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார். போணி. அதற்கப்புறம் வந்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

பேரத்தில் நான் கற்றது ஒன்று. கேட்டதும் கொடுத்துவிடக் கூடாது. 100 ரூபாய் தாளை ஒருவர் 80-க்குக் கேட்டார், நான் உடனே சரி என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. “அறுபது கேட்டிருக்கணும்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டே போனார். அடுத்தவர் அதே மாதிரி கேட்டபோது மாமா கவரைக் கையில் எடுத்தார், லென்ஸில் பார்த்தார், பெருமூச்சு விட்டார், 85 என்றார். அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். ஐந்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்தவருக்குத்தான் சந்தோஷம்.

இது நேர்மையா என்று மாமாவிடம் கேட்டேன். “நான் பொய் எதுவும் சொல்லலியே, மூச்சுதான விட்டேன்” என்றார். எனக்கு முழுசாக ஒப்பவில்லை.

பணம் தருவது பெரும்பாலும் யுபிஐ-தான். பழைய காசு வாங்க வந்தவர் பாக்கெட்டில் புதுக் காசு ஒன்றுகூட இல்லை. ஸ்கேன் செய்ததும் பெட்டி சத்தமாக ‘நூற்று இருபது ரூபாய் பெறப்பட்டது’ என்று அறிவிக்கும்போது, பக்கத்து மேசையில் நிற்பவர் திரும்பிப் பார்க்கிறார். அங்கே ஏதோ விற்கிறது போல என்று நகர்ந்து வருகிறார். கைமாறும் ரூபாய் நோட்டுக்கு அந்தச் சத்தம் கிடையாது.

மணிமங்கலம் என்றதும் சிலர் கண் விரியும். நரசிம்மவர்மப் பல்லவன், புலிகேசியின் படையை முறியடித்த இடங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு சொல்லும் ஊர். “அங்க நிலத்துல பல்லவர் காசு கெடைக்குமாமே, இருக்கா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். இல்லை. 100 வருஷத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். மாமாவிடம் உரிமம் இல்லை, அதனால் அந்தக் காசும் இல்லை. கதை மட்டும் சொல்வார். கதை கேட்டவர்கள் வேறு ஏதாவது வாங்கிவிட்டுப் போவார்கள்.

நாற்பது வைஷ்ணோ தேவி

இரண்டாம் நாள் மாலை நாலு மணி இருக்கும். ஐம்பதைத் தாண்டிய ஒருவர், செக்யூரிட்டி சீருடைப் பேன்ட், மேலே கலர் சட்டை. ஆல்பம் எதையும் பார்க்கவில்லை. கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்தார். வைஷ்ணோ தேவி படம் போட்டது. 2012-ல் அந்த ஆலய வாரியத்தின் வெள்ளி விழாவுக்கு வந்தது.

“இதுக்கு அஞ்சு லட்சம் தராங்க. நீங்க எவ்ளோ தருவீங்க?”

விளம்பரத்தை போனில் காட்டினார். அவர்கள் ‘பதிவுக் கட்டணம்’ கேட்டிருக்கிறார்கள், 1,850 ரூபாய் அனுப்பிவிட்டார். இப்போது ‘வரி’ என்று 9,000 கேட்கிறார்கள். ராத்திரிக்குள் கட்ட வேண்டுமாம். ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதம் ஒன்றும் வாட்ஸ்அப்பில் வந்திருந்தது.

2021 ஆகஸ்ட்டிலேயே ரிசர்வ் வங்கி இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பழைய நோட்டு, நாணய விற்பனையில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, கட்டணமோ கமிஷனோ வரியோ தான் கேட்பதே இல்லை என்று. அதை நான் போனில் எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் படிக்கவே இல்லை. மாமாவைப் பார்த்து, “நீங்க கம்மி வெலைக்கு அமுக்கப் பாக்குறீங்க” என்றார்.

இரண்டு நாளாக நான் மேசைக்குப் பின்னாலிருந்து பார்த்த எல்லாமே அந்தக் கைக்குட்டைக்குள் இருந்தது. கையில் இருக்கும் பொருள் மேல் வரும் உரிமை. முதலில் காதில் விழுந்த பெரிய எண்: அஞ்சு லட்சத்தைக் கேட்ட பிறகு ஒன்பதாயிரம் சில்லறை போலத் தெரிகிறது. ஏற்கெனவே கட்டிய 1,850 வீணாகிவிடக் கூடாது என்ற பயம். ராத்திரிக்குள் என்ற கெடு. நாங்கள் பெருமூச்சு விட்டு 85 ரூபாய் வாங்கினோம். அவர்கள் அதே மூச்சை வேறு அளவில் விடுகிறார்கள். சொல்லிப் புரியவைக்க முயல்கிற வியாபாரியின் வார்த்தைக்கு அங்கே மதிப்பில்லை, ஏனென்றால் அவன் வியாபாரி.

மாமா வாதாடவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து விரிப்பின் மேல் கவிழ்த்தார். எல்லாம் வைஷ்ணோ தேவி ஐந்து ரூபாய்.

“எண்ணிப் பாருங்க. நாப்பது இருக்கும். ஒன்னு அஞ்சு லட்சம்னா ரெண்டு கோடி. நான் ஏண்ணே இந்த ஸ்டூல்ல உக்காந்து இத ஒன்னு முப்பது ரூபாய்க்கு வித்துட்டு இருக்கேன்?”

அவர் நிஜமாகவே எண்ண ஆரம்பித்தார். பதினேழு, பதினெட்டில் நிறுத்தினார். ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தோம். பையனுக்கு ஏதோ செலவு இருக்கிறது என்றார், என்ன செலவு என்று சொல்லவில்லை.

போன் அடித்தது. அந்த எண்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மாமாவிடம் நீட்டினார். மாமா வாங்கி, “கடைதான் பேசுறேன், சொல்லுங்க” என்றதும் லைன் கட் ஆனது.

1930-க்கு அடித்துப் புகார் சொல்ல நான் உதவினேன். சைபர் குற்றத்தில் பணம் போனால் எவ்வளவு சீக்கிரம் அந்த எண்ணுக்குச் சொல்கிறோமோ, அவ்வளவுக்கு அதை வழியில் நிறுத்தும் வாய்ப்பு அதிகம். அவருக்கு நாலு நாள் ஆகியிருந்தது. புகார் எண்ணை என் பேனாவை வாங்கி உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தார்.

மண்டபத்தில் மேசைகளை மடிக்கும்போதுதான் கவனித்தோம். அவருடைய நாணயம் கைக்குட்டையோடு விரிப்பின் ஓரத்தில் இருந்தது. மறந்துவிட்டாரா, விட்டுவிட்டாரா தெரியாது. டப்பாவில் நாற்பதோடு போட்டுவிடவா என்று கேட்டேன். மாமா ஒரு தனிக் கவர் எடுத்து, அதற்குள் வைத்து, மேலே தேதி எழுதினார்.